துரைக்குக் குரல் கொடுத்தவன்

இந்த பஸ் வேணாம் சார். கூட்டமா இருக்கு. நின்னுகிட்டே மலையேறினா என் முட்டி தாங்காது. ஏற்காட்டுக்கு அரை மணிக்கு ஒண்ணு இருக்காமே, அடுத்ததுல போயிக்கறேன். நீங்க உக்காருங்க, பைய நகத்த வேணாம், இடம் இருக்கு. யாருக்காகக் காத்திருக்கீங்க? மச்சானா? கோயம்புத்தூர் வண்டியா? வரும், வரும்.

எனக்குத்தான் உக்கார முடியல. மெட்ராஸ்லேர்ந்து வரும்போதே வண்டியில நாலு தடவ எழுந்து எழுந்து நின்னேன். பக்கத்துல இருந்த அம்மா, "என்னங்க பெரியவரே, மூட்டப்பூச்சி கடிக்குதா?"ன்னு கேட்டுருச்சு. மூட்டப்பூச்சி இல்ல. ஒரு சாவுக்குப் போறேன். நாலு மணிக்கு அடக்கம். இப்ப மணி ஒண்ணே முக்கால். நெறைய நேரம் இருக்கு. இருக்கில்ல?

என்ன அப்படிப் பாக்கறீங்க? இந்தக் குரல எங்கயோ கேட்டிருக்கோமேன்னு யோசிக்கிறீங்க. எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க. சொல்லட்டுமா? கேளுங்க.

"ஏய் மேன்! எங்கல்கு வரி கட்ட மாட்டான்? உன்ன டூக்கில் போடும்!"

பாத்தீங்களா, சிரிச்சிட்டீங்க. அந்த வேர்க்கடலக்காரர்கூட திரும்பிட்டாரு. எண்பதுல தொடங்கி பதினாலு வருஷம், எந்தப் படத்துல வெள்ளக்கார கலெக்டர் வந்தாலும், கர்னல் வந்தாலும், எஸ்டேட் முதலாளி வந்தாலும், அந்தக் குரல் நான்தான். டப்பிங் மாசிலாமணி. அந்தத் தமிழக் கண்டுபிடிச்சவனே நான்தான். எந்த வெள்ளக்காரனும் அப்படிப் பேசினதில்ல சார். நான் பேசினதுக்கு அப்புறம்தான் வெள்ளக்காரன்னா இப்படித்தான் பேசுவான்னு ஜனங்க முடிவு பண்ணாங்க.

அதுல முக்கால்வாசிப் படத்துல மூஞ்சி ஒருத்தனோடது. உயரமா, மூக்கு நீளமா, புருவமே இல்லாத மாதிரி ஒருத்தன் வருவான் பாருங்க, குதிரையில. நெவில். நெவில் ப்ராக்டர். நாங்க நெவில் துரைம்போம், அப்புறம் வெறும் துரைதான். அவன்தான் நேத்து விடியக்கால போயிட்டான். ஏற்காட்டுலதான் இருபத்தஞ்சு வருஷமா இருந்தான்.

அவன்னு சொல்றேனேன்னு நெனைக்காதீங்க. பழக்கம். என்னவிட எட்டு வயசு மூத்தவன்.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கம். நாடகத்துல ராஜா வேஷம் கட்டினவன். நடிக்கணும்னுதான் மெட்ராஸ் வந்தேன். இந்த முகத்தப் பாருங்க, அம்மத் தழும்பு. ஒரு பெரிய டைரக்டர், பேர் வேணாம், கண்ண மூடிக்கிட்டு நான் பேசினத முழுசாக் கேட்டாரு. "குரல் ராஜா குரல்யா"ன்னாரு. அப்புறம் கண்ணத் தொறந்தாரு. "முகத்த மட்டும் எங்கயாவது வெச்சிட்டு வர முடியுமா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னிலேர்ந்து இருட்டு ரூம்ல மைக் முன்னாடிதான் நிக்கறேன். எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல சார். தொழில் தொழில்தான். வருத்தப்பட்டிருந்தா இத்தன வருஷம் ஓட்டியிருப்பேனா?

துரை எப்படி வந்தான்னா, எழுபத்தொம்பதுல மவுண்ட் ரோட்டுல ஒரு பெரிய ஹோட்டல்ல பேண்ட் வாசிக்க ஆறு மாச ஒப்பந்தத்துல வந்த கோஷ்டியில ஒருத்தன். பியானோ. ஹோட்டல்ல பேண்ட நிறுத்திட்டாங்க. மத்தவங்க ஊருக்குத் திரும்பிட்டாங்க, இவன் போகல. ஏன் போகலன்னு கேட்டா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் சொல்வான். அங்க குளிரும்பான். பொண்டாட்டி வேற ஒருத்தன கட்டிக்கிட்டாம்பான். டிக்கெட்டத் தொலச்சிட்டேம்பான். ராயப்பேட்டையில ஒரு மாடி ரூம்ல இருந்தான். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ஏஜெண்ட் சவரிமுத்து, டீக்கடையில இவன் பன் சாப்பிடறதப் பாத்து, "வாய்யா, நாளைக்கு நீதான் கலெக்டர்"னு வண்டியில ஏத்திட்டான்.

முதல் படத்துல அவனுக்கு ஒரு தமிழ் வார்த்த தெரியாது. கேமராவப் பாத்து கோபமா, "ஒன், டூ, த்ரீ, ஃபோர்"னு எண்ணிட்டுப் போயிட்டான். அப்பல்லாம் அதான் வழக்கம். வாய் அசஞ்சாப் போதும், வசனத்த டப்பிங்ல ஒட்ட வெச்சிக்கலாம். ஒட்ட வெக்கறவன் நான். "ஒன் டூ த்ரீ"ல "சுட்டுத் தள்ளு" போட்டேன். "ஃபோர் ஃபைவ் சிக்ஸ்"ல "ஒருத்தனும் தப்பக் கூடாது" போட்டேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா! தியேட்டர்ல கை தட்டினாங்க. அவனுக்குத்தான் தட்டினாங்க, ஆனா எதுக்குத் தட்டினாங்க? எண்ணினதுக்கா?

அந்தப் படம் வந்த மறுவாரம் என்னத் தேடி சாலிகிராமத்துக்கே வந்துட்டான். கையில ஒரு சீப்பு வாழைப்பழம். "ஆர் யூ மை வாய்ஸ்?"னு கேட்டான். ஆமான்னேன். கட்டிப் புடிச்சிட்டான். என் பொண்டாட்டி அம்சவேணி காபி போட்டா. அன்னிலேர்ந்து ஞாயித்துக்கிழம தவறாம வருவான். ஒரு இடத்துல உக்கார மாட்டான் சார். பேசிக்கிட்டே கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பான். அம்சவேணி கோலம் போட்டா குறுக்க நடந்து அழிச்சிடுவான், அப்புறம் "சாரி அம்மா, சாரி அம்மா"ம்பான்.

லண்டன்ல அவன் பாட்டெழுதறவனா இருந்திருக்கான். அங்க ஒரு தெருவாம். தெரு முழுக்க பாட்டெழுதற ஆபீசாம். ஒரு ரூமு, ஒரு பியானோ, ஒரு ஆஷ்ட்ரே. காலைல பத்து மணிக்குப் போய் உக்காந்தா சாயங்காலம் அஞ்சுக்குள்ள ரெண்டு பாட்டு குடுக்கணும். நம்ம குமாஸ்தா வேல மாதிரி. அதுல ஒரு பாட்டு, ரயில விட்டுட்டு நிக்கற ஒரு பொண்ணப் பத்தி, ஒரு அம்மா பாடி, ரேடியோல பதினோரு வாரம் ஓடுச்சாம். பால் வாங்கப் போன கடையில கடக்காரன் அந்தப் பாட்ட விசிலடிச்சிருக்கான். "இது நான் எழுதினது"ன்னு இவன் சொல்லியிருக்கான். "சரி, காலி பாட்டில மறக்காம கொண்டு வா"ன்னானாம் கடக்காரன். அவ்வளவுதான் மரியாத. அப்புறம் தானே எழுதி தானே பாடற பசங்க வந்துட்டாங்க. ஆபீசு ஒண்ணொண்ணா மூடிட்டாங்க.

ஒரு ஞாயித்துக்கிழம இதெல்லாம் சொல்லிட்டு, "அங்க நான் உன்ன மாதிரி மாசி. வேல என்னுது, பேரு வேற ஒருத்தருது. இங்கதான் என் மூஞ்சிய நாலு பேர் பாக்கறாங்க"ன்னான். கேக்கும்போது நல்லா இருந்துச்சு. அவன் போனப்புறம் சுருக்குன்னுச்சு. இவனுக்கு ரெண்டாவது ஊர்ல மூஞ்சி கெடச்சிருச்சு. நான் எந்த ஊருக்குப் போறது?

டீ சாப்பிடறீங்களா? தம்பி, ரெண்டு டீ. எனக்குச் சக்கர வேணாம்.

அடுத்த பஸ் வந்திருச்சா? அது முன்னாடி சீட்டெல்லாம் துண்டு போட்டுட்டாங்க பாருங்க. போகட்டும். இன்னும் நேரம் இருக்கு.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், தமிழ். அவன் தமிழ் கத்துக்கிட்டான் சார். யாரும் சொல்லிக் குடுக்கல. புஸ்தகம் வாங்கல. காதாலயே கத்துக்கிட்டான். ஹவுஸ் ஓனர் அம்மா குழாயடியில சண்ட போடறது, மீன்காரி கூவறது, அம்சவேணி என்னத் திட்டறது, எல்லாம் அவன் காதுல போய் அப்படியே உக்காந்துரும். பாட்டுக்காரன் காது. மூணாவது வருஷம் ஷூட்டிங்ல எண்ணறத விட்டுட்டு வசனத்தையே பேச ஆரம்பிச்சிட்டான். எனக்கு வேல சுலபமாப் போச்சு, வாய் சரியா ஒத்துப் போகுது. ஆனா ஒரு நாள் டப்பிங் தியேட்டருக்கு வந்து நின்னு பாத்துட்டு கேட்டான்: "மாசி, நான் 'தூக்கில்'னுதானே சொன்னேன்? நாக்கு பல்லுல படறது திரையில தெரியுது. நீ ஏன் 'டூக்கில்'ங்கற?"

"ஜனங்க அதத்தான் கேக்கறாங்க துரை"ன்னேன்.

"ஜனங்க கேட்டாங்களா, நீ குடுத்தியா?"ன்னான்.

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்றது? சாப்பிடறவனுக்கு ருசி தெரியுமா, சமைக்கறவனுக்குத் தெரியுமா? அடுத்த ரீல போடச் சொன்னேன்.

அப்புறம் பாட்டு எழுத ஆரம்பிச்சான். தமிழ்ல! ஒரு நாள் சட்டப் பையிலேர்ந்து ஒரு காகிதம் எடுத்து, நடந்துகிட்டே படிச்சான்.

"ஊர் கேட்டால் என்ன சொல்வேன்,
உறங்கும் இடம் சொல்வேன்;
பேர் கேட்டால் என்ன சொல்வேன்,
நீ கூப்பிட்டதைச் சொல்வேன்."

அம்சவேணி அடுப்பங்கரையிலேர்ந்து வெளியவே வந்துட்டா. "நல்லா இருக்குங்க துரை"ன்னா. அவன் என்னப் பாத்தான். "மெட்டுக்கு நிக்காது"ன்னேன். அனுபவத்துல சொன்னேன். இன்னொரு தடவ படிச்சிப் பாத்தான், விரலால தொடையில தாளம் போட்டுப் பாத்தான், "நிக்குதே"ன்னான். "நம்ம மெட்டு வேற துரை"ன்னேன். காகிதத்த மடிச்சி வெச்சிக்கிட்டான். அதுக்கப்புறம் என்கிட்ட காட்டல. அதுக்கு அம்சவேணி மூணு நாள் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. பொம்பளைங்களுக்கு என்ன சார் தெரியும் மெட்டப் பத்தி!

தொண்ணூத்தி நாலுல அறவாளின்னு ஒரு புது டைரக்டர் வந்தான். ஏன் சிரிக்கிறீங்க? அறவாளின்னா சொன்னேன்? அறவாழி. சும்மா பேசும்போது எனக்கு அப்படித்தான் வரும், மைக் முன்னாடி நின்னா தன்னால சரியாயிடும். அது கெடக்கட்டும். சின்ன வயசுப் பையன், நல்ல பையன். அவன் கத என்னன்னா, மலைத்தோட்டத்துல ஒரு வெள்ளக்கார மேனேஜர். சுதந்திரம் வந்தப்புறமும் ஊருக்குப் போகாம அங்கயே தங்கிடறான். வாலிபத்துல ஒரு கூலிக்காரனச் சுட்டுக் கொன்னிருக்கான், யாருக்கும் தெரியாது. செத்தவனோட பொண்டாட்டிதான் வயசான காலத்துல இவனுக்குக் கஞ்சி காய்ச்சி ஊத்தறா. கடைசியில படுக்கையில கெடந்துகிட்டு அவகிட்ட ஒத்துக்கறான். இதுதான் கத. துரைதான் கதாநாயகன். குதிர இல்ல, தூக்குமரம் இல்ல, முழுப் படமும் அவன்தான்.

அறவாழி என் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, துரை சொந்தக் குரல்லயே பேசட்டும்னு ஆசப்படறேன். நீங்க பக்கத்துல நின்னு உச்சரிப்பு மட்டும் பாத்துக்குங்க. உங்க காதுல தப்பிச்சு ஒண்ணும் போகாது. டைட்டில்ல உங்க பேரும் போடறேன்"னான். டப்பிங்காரன் பேர அப்பல்லாம் யாரு சார் போட்டாங்க? சரின்னேன். மனசார சரின்னேன். நம்புங்க.

டப்பிங் முதல் நாள். அறவாழிக்கு எடிட்டிங் வேல, வரல. தியேட்டர்ல சவுண்ட் இன்ஜினியர் பத்ரி, துரை, நான், மூணே பேரு. எடுத்த எடுப்புல அந்தக் கடைசிக் காட்சிதான். அத முதல்ல முடிச்சிட்டா மத்தது சுலபம்னு துரையே கேட்டு வாங்கினான். வசனம் எனக்கு இன்னும் மனப்பாடம். "உன் நிழல்லதான் தாயி வாழ்ந்தேன். உன் புருஷனச் சுட்டது நான்தான். அழக்கூட எனக்கு உரிம இல்ல."

முதல் டேக் வாய் ஒட்டல. ரெண்டாவது டேக் மூச்சு வாங்கிட்டான். மூணாவது டேக் பேசினான்.

பேசி முடிச்சான். பத்ரி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ரெண்டு கையயும் தூக்கி, "ஓகே சார், ஓகே"ங்கறான். துரை பத்ரியப் பாக்கல. என்னப் பாத்தான். "மாசி?"ன்னான்.

"ழ வரல துரை"ன்னேன்.

ஏன் சொன்னேன்? தொழில் சுத்தம் சார். நம்மள நம்பி ஒரு பொறுப்பக் குடுத்திருக்காங்க. நூத்துக்கு நூறு வேணுமில்ல? "நிழல்ல ஒரு இழ கொறையுது. இன்னொண்ணு போவோம்"னேன். இன்னொண்ணு போனான். "இப்ப வாழ்ந்தேன் சரியில்ல"ன்னேன். மத்தியானம் சாப்பாட்டுக்குள்ள இருபது டேக் ஆச்சு. சாப்பிடாம வெந்நீர் மட்டும் குடிச்சான். நடந்துகிட்டே இருந்தான், ஸ்க்ரீனுக்கும் கதவுக்கும், ஸ்க்ரீனுக்கும் கதவுக்கும். "நிழல், நிழல், நிழல்"னு சொல்லிகிட்டே. பத்ரி என்கிட்ட வந்து மெதுவா, "அண்ணே, எனக்குச் சரியாத்தானே கேக்குது?"ன்னான். "உனக்கு மீட்டரு தெரியும், எனக்கு மொழி தெரியும்"னேன்.

ரெண்டாம் நாள் என்ன ஆச்சு தெரியுமா? நெஜமாவே ழ போயிடுச்சு! மொத நாள் லேசாத்தான் இருந்த கொற, ரெண்டாம் நாள் நாக்கு அந்த இடத்துக்குப் போகும்போதே நடுங்குது. நிளல்ங்கறான், நிஷல்ங்கறான். பத்ரியே தலயில கை வெச்சிட்டான். பாத்தீங்களா? நான் சொன்னது சரியாப் போச்சில்ல?

மூணாம் நாள் காலைல வந்தான். தொண்ட கட்டியிருந்துச்சு. மைக்குகிட்டக்கூடப் போகல. "நீயே பேசிடு மாசி"ன்னான். பின்னாடி சோபாவுல போய் உக்காந்துட்டான். அன்னிக்குத்தான் அவன் ஒரே இடத்துல உக்காந்து நான் பாத்தது. அறவாழி ஓடி வந்தான், கெஞ்சினான், துரை தல ஆட்டிட்டான். ரிலீஸ் தேதி குறிச்சாச்சு, தயாரிப்பாளர் குதிக்கறாரு. ஒன்றர நாள்ல மொத்தப் படத்தையும் பேசி முடிச்சேன். சுத்தமான தமிழ். டூக்கில் கீக்கில்னு ஒண்ணும் கெடையாது. என் ஜென்மத்துல அவ்வளவு நல்லா நான் பேசினதில்ல சார். பேசும்போது எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு.

வெள்ளிக்கிழம ரிலீஸ். மத்தியான ஆட்டத்துக்கு நாங்க மூணு பேரும் போனோம். அறவாழி, நான், நடுவுல துரை. தியேட்டர் முக்காவாசி நெறஞ்சிருந்துச்சு. துரை திரையில வந்து முதல் வசனம் பேசினான். "பாப்பா, தண்ணி கொண்டு வா." அவ்வளவுதான் வசனம். முன் வரிசையில ஒருத்தன், "டண்ணி கொண்டு வாடா மேன்!"னு கத்தினான். தியேட்டரே சிரிச்சுது. அப்புறம் வாயத் தொறந்தா சிரிப்பு. மழையப் பாத்து நிக்கறான், சிரிப்பு. நாய்க்குச் சோறு வெக்கறான், சிரிப்பு. என் குரலக் கேட்டாலே சிரிக்கணும்னு பதினாலு வருஷமாப் பழகிட்டாங்க. அது என் தப்பா? கூட்டத்துக்கு ரசன வேணாமா?

கடைசிக் காட்சி வந்துச்சு. அவன் படுத்திருக்கான். அந்தம்மா கஞ்சியோட பக்கத்துல உக்காந்திருக்கு. "உன் நிழல்லதான் தாயி"ன்னு நான் ஆரம்பிக்கறேன், விசிலு. "டூக்குல போடு அவன!"ன்னு ஒருத்தன். குடும்பத்தோட வந்த பொம்பளைங்ககூட முந்தானைய வாயில வெச்சிகிட்டுச் சிரிக்குது. அறவாழி முகத்த மூடிக்கிட்டான்.

துரை எழுந்து நின்னான்.

வெளிய போகப் போறான்னு கால மடக்கி வழி விட்டேன். போகல. நின்ன இடத்துல நின்னுகிட்டுப் பேச ஆரம்பிச்சான். அதே வசனம். திரையில அவன் வாய் அசையுது, என் பக்கத்துல அவன் வாய் அசையுது, ஸ்பீக்கர்ல என் குரல் ஓடுது. "உக்காருய்யா, மறைக்குது"ன்னாங்க பின்னாடி. அவன் நிறுத்தல. சத்தமாவும் பேசல. பக்கத்துல இருக்கற ஆள்கிட்டச் சொல்ற மாதிரிதான். "உன் புருஷனச் சுட்டது நான்தான்." முன் வரிசையிலேர்ந்து ஒருத்தன் திரும்பினான். "டேய், அவன்தான்டா இவன்"னான். ஒவ்வொரு வரிசையாத் திரும்பிச்சு. சிரிப்பு கொறஞ்சு, கொறஞ்சு, ஒரு கொழந்த மட்டும் எங்கயோ அழுதுகிட்டிருந்துச்சு. "அழக்கூட எனக்கு உரிம இல்ல." ஸ்பீக்கர யாரும் கேக்கல சார். அவ்வளவு பெரிய ஸ்பீக்கர்.

அறவாழி இருட்டுல என் பக்கம் குனிஞ்சான். "அண்ணே, ழ வருதே"ன்னான்.

"இன்னிக்கு வருது"ன்னேன்.

காட்சி முடிஞ்சதும் துரை என் காலத் தாண்டி வெளிய போயிட்டான். பின்னாடியே அறவாழி ஓடினான். நான் போகல. ஏன்னா கடைசியில டைட்டில்ல என் பேரு வரும். உக்காந்திருந்தேன். ஆபரேட்டர் 'வணக்கம்' போட்டதுமே படத்த நிறுத்தி லைட்டப் போட்டுட்டான். அவங்களுக்கு அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டணுமாம்.

படம் ஒம்பது நாள்தான் ஓடிச்சு. ஆனா தியேட்டர்ல நடந்தத யாரோ ஒரு பத்திரிக்கையில எழுதிட்டாங்க. அடுத்த வருஷமே ஒருத்தர் துரையக் கூப்பிட்டாரு, பாதிரியார் வேஷம், சொந்தக் குரல். அப்புறம் டாக்டரு, அப்புறம் ஒரு வீட்டு ஓனரு. ஒரு படத்துல அந்த 'ஊர் கேட்டால்' பாட்டையே போட்டாங்க. கேட்டிருப்பீங்க. மெட்டுக்கு நின்னுச்சு, இல்லன்னு சொல்லல. மெட்டுக்காரர் தெறமசாலி. துரை ஏற்காட்டுக்கு வீட்ட மாத்திக்கிட்டான். ஞாயித்துக்கிழம வர்றது நின்னு போச்சு. சொல்லிட்டு நிக்கல, தானா நின்னுச்சு. அம்சவேணி ரொம்ப நாள் ஞாயித்துக்கிழம மூணு டம்ளர் காபி போட்டுகிட்டிருந்தா. எனக்கு வேற துரைங்க கெடச்சாங்க. மகாபலிபுரத்துல சுத்திப் பாக்க வர்ற வெள்ளக்காரங்களப் புடிச்சிட்டு வருவாங்க. அவங்க எண்ணுவாங்க, நான் பேசுவேன்.

ஆறு வருஷம் கழிச்சு ஒரு ஸ்டுடியோ நடையில நேருக்கு நேரா வந்துட்டான். வெள்ளத் தாடி. "துரை, சௌக்கியமா?"ன்னேன். கையப் புடிச்சிக்கிட்டான். "சௌக்கியம் மாசி. அம்சவேணி எப்படி இருக்காங்க? முட்டி வலி தேவலையா?"ன்னான். கோபமே இல்ல சார். திட்டியிருந்தா நானும் நாலு வார்த்த பேசியிருப்பேன். யாரோ கூப்பிட்டாங்க, கெளம்பினான். அஞ்சாறு அடி போயிட்டுத் திரும்பி வந்தான்.

"மாசி, அன்னிக்கு முதல் நாள், மூணாவது டேக். அது சரியாத்தானே இருந்துச்சு?"

குத்திக்காட்டல. நெஜமாவே கேக்கறான். அவன் கண்ணுல தெரிஞ்சுது. ஆறு வருஷமா அவனுக்கே தெரியாம இருந்திருக்கு.

"ஞாபகம் இல்ல துரை"ன்னேன்.

"பரவால்ல"ன்னான். போயிட்டான். அதோட சரி. அதுக்கப்புறம் நான் அவனப் பாக்கல.

நேத்து சர்ச்சு ஃபாதர் போன் பண்ணாரு. துரை ஒரு காகிதத்துல பேரெழுதி வெச்சிருந்தானாம், நான் போனா இவங்களுக்கெல்லாம் சொல்லிடுங்கன்னு. மொத்தம் நாலு பேரு. மூணு பேரு லண்டன். நாலாவது நான். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"னு கேட்டாரு ஃபாதர். சட்டுன்னு, "அவர் குரல் ஃபாதர்"னுட்டேன். அவருக்குப் புரியல. எனக்கும் அப்புறம்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "அப்ப நீங்கதான் அடக்கத்துல ரெண்டு வார்த்த பேசணும்"னுட்டாரு.

ரெண்டு வார்த்த. நாப்பது வருஷமா அடுத்தவன் வாய்க்கு வார்த்த வெக்கறவன் நான், எனக்கு ரெண்டு வார்த்த கெடைக்க மாட்டேங்குது. ராத்திரி அம்சவேணிகிட்டக் கேட்டேன், என்ன பேசறதுன்னு. "அவரு கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வாங்க"ன்னா. நான் அவகிட்ட அந்த நடையில நடந்ததச் சொன்னதே இல்ல சார். துரை அவளுக்கு லெட்டர் போட்டிருந்திருக்கான், பொங்கலுக்குப் பொங்கல்.

அதோ அந்த வண்டிதான். ரெண்டே முக்கால் வண்டி. இத விட்டா போய்ச் சேரறதுக்குள்ள மண்ணு போட்டிருப்பாங்க. எழுந்துக்கறேன், எழுந்துக்கறேன். கொஞ்சம் கை குடுங்க.

உங்க மச்சான் வந்துட்டாரு போல, அங்க ஒருத்தர் கை காட்றாரு பாருங்க. போங்க சார். உங்களப் போட்டு அறுத்துட்டேன்.

இருங்க, ஒண்ணு. ஞாபகம் இருக்கு. அந்த மூணாவது டேக். நல்லா இருந்துச்சு. ழ, மூச்சு, எல்லாம் இருந்துச்சு. கேட்டுகிட்டு நிக்கும்போதே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இத நான் பேசியிருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காதுன்னு. அதான். வேற ஒண்ணும் இல்ல. உங்ககிட்டச் சொல்லிட்டேன் பாருங்க, நீங்க யாரோ.

அட, எடுக்கறானே! யோவ் கண்டக்டர்! கண்டக்டர்! நிறுத்துய்யா வண்டிய! ஒரு ஆள் ஏறணும்!